பழைய மேப்பை இன்றைய மேப்பின் மேல் போட்டுத் தங்கம் தேடுவது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தங்கத் துகள் தேடி ஓடை ஓடையாக அலைகிறவர்கள் பெரும்பாலும் உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டருக்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள். எனக்கு அதைவிட அதிகம் உழைத்தது இலவசமாகக் கிடைத்த பழைய மேப் ஸ்கேன்களும் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற மேப் மென்பொருளும்தான். புது இடம் கண்டுபிடிக்க அல்ல, போக வேண்டாத இடங்களைக் கழித்துக்கட்ட.

சும்மா பார்த்துவிட்டு வர கூகுள் எர்த் ப்ரோ போதும். ஸ்கேனை மேலே விரித்து, ஓரங்களை இழுத்துச் சுழற்றிப் பொருத்திவிட்டு, மேலே கிடக்கும் படத்தை மங்கலாக்கித் தெளிவாக்கிப் பார்க்கலாம். ஆனால் பழைய தாள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருக்காது, மடிப்பு வேறு இருக்கும். ஒரு மூலையைச் சரிசெய்தால் எதிர்மூலை விலகும். அங்கேதான் கியூஜிஐஎஸ்ஸில் ஸ்கேனை நிலத்தின் உண்மையான இடத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் என்ற கருவி கைகொடுக்கிறது. இரண்டு மேப்பிலும் ஒரே இடத்தைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். படத்தைப் பொருத்தும் பாலினாமியல் கணக்கில் முதல் நிலைக்குக் குறைந்தது 3 புள்ளி, இரண்டாம் நிலைக்கு 6, மூன்றாம் நிலைக்கு 10. தின் பிளேட் ஸ்பிளைன் என்று இன்னொரு முறை இருக்கிறது, வைத்த புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் படத்தை வளைத்துவிடும், அதனால் பிழை கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே காட்டும். அந்த பூஜ்யத்தை நம்பவே கூடாது. நான் எப்போதும் தெரிந்த இடங்கள் ஒன்றிரண்டைக் குறிக்காமல் விட்டுவைப்பேன், கடைசியில் அவை எங்கே போய் விழுகின்றன என்று பார்த்தால் மேப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

புள்ளி வைக்க நல்லது பழைய பாலத்தின் முனை, ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம், நில அளவைக்காரர்கள் முக்கோணக் குறியிட்ட மலையுச்சி. ஓடை வளைவு கூடவே கூடாது, ஒரு பெரிய வெள்ளத்தில் இடம் மாறிவிடும். ஒரு தாளில் சுரங்க வாய் ஓடையின் மேற்குக் கரையில் இருந்தது. உச்சிகளை வைத்துப் பொருத்தியபோது அது இன்றைய நீரோட்டத்துக்குக் கிழக்கே போய் விழுந்தது. நேரில் போனால் உடைத்துப் போட்ட குவார்ட்ஸ் (வெண்கல்) குவியல், துருப்பிடித்த மஞ்சள் கறையோடு, கிழக்குச் சரிவில்தான் கிடந்தது. நகர்ந்தது ஓடை.

சரி, எவ்வளவு துல்லியம்? ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற 1:63,360 மேப்பில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் சுமார் 32 மீட்டர். 1:24,000 என்றால் 12 மீட்டர். திறந்த வெளியில் போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டும், ஆகவே விலை கூடிய ஜிபிஎஸ் வாங்கி இதில் பயனில்லை. குறியைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் போட்டு அதற்குள் தேடுவதுதான் என் வழக்கம்.

அமெரிக்க மேப் தேவைப்படுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். அமெரிக்க நிலவியல் அளவைத் துறையான யுஎஸ்ஜிஎஸ்ஸின் டோபோவியூ இணையதளத்தில் 1880-கள் தொடங்கிய தாள்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டு, இடத் தகவலும் உள்ளே இருக்கும் ஜியோடிஃப் படக் கோப்பாகவே கிடைக்கின்றன. அந்தத் தாள்களில் வெறும் X போட்டிருந்தால் யாரோ தோண்டிப் பார்த்த குழி, பாதி கறுத்த சதுரம் செங்குத்துச் சுரங்கம், Y மாதிரி இருப்பது மலைக்குள் கிடையாகப் போகும் சுரங்க வாய். ஒரே இடத்தின் வெவ்வேறு பதிப்புகளை அடுக்கிப் பாருங்கள், ஒன்றில் இருக்கும் X அடுத்ததில் காணாமல் போயிருக்கும். என்ஏடி27 (NAD27) என்ற பழைய நில அளவை அடிப்படையில் வரைந்ததை இன்றைய ஆயத்தொலைவோடு அப்படியே ஒப்பிட்டால் இடத்தைப் பொறுத்து நூறு மீட்டர் வரைகூட விலகும், அதைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லைடார் நிழல்படத்தோடு, அதாவது லேசரால் அளந்து மரங்களை நீக்கித் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டும் படத்தோடு, சேர்த்துப் பார்ப்பது. பழைய மேப்பில் மலையிடுப்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு போகும், சேட்டிலைட் படத்தில் வெறும் மரம்தான். லைடாரில் அதே கோடு ஒரு நீண்ட பள்ளமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால், அது முடிகிற இடத்தில்தான் மண்ணை அலசியிருப்பார்கள். இந்த ஒரு உத்திக்காகவே இவ்வளவு மெனக்கெடலாம். நில உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், சுரங்கத்துக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள்.

அப்புறம் ஸ்கேன் தரம். அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு (டிபிஐ) கீழே இருந்தால் நான் தொடுவதே இல்லை, X எது, மைக்கறை எது என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது.