மரக்கன்றா, பனங்கொட்டையா, பறவை நோக்கலா: ஊர் நிலையம் ஒன்றின் பருவகாலத் தெரிவுகள்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. இயற்கை சார்ந்து ஊர் கூடிச் செய்யத்தக்க வேலைகள் எல்லாவற்றையும் இந்த ஒடுங்கிய காலத்துக்குள்ளேயே செய்து முடிக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதால், ஒரு சனசமூக நிலையமோ பாடசாலைச் சுற்றாடல் கழகமோ பலவற்றைத் தொடங்கி எதையும் முழுதாகச் செய்யாமல் விடுவது வழமையாகிவிட்டது. பத்துப் பதினைந்து இளைஞர், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் அனுப்பும் சிறு தொகை, இவ்வளவே கைவசம் உண்டு என்று வைத்துக்கொண்டு, கார்த்திகை மரநடுகை, பனை விதை நடுகை, பறவை நோக்கல் ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மரநடுகை. வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகை மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. மண் ஈரமாக இருக்கும், கன்றுகள் இலகுவாகக் கிடைக்கும், பிரதேச செயலகத்திலிருந்து கோயில் நிர்வாகம் வரை எல்லோரும் ஒத்துழைப்பார்கள். மூன்றிலும் ஆட்களைத் திரட்டுவதற்கு மிக எளிதானது இதுவே என்பதில் ஐயமில்லை. ஆனால் கன்றின் உயிர் தீர்மானிக்கப்படுவது கார்த்திகையில் அன்று, மாசி தொடங்கிப் புரட்டாதி வரை நீளும் வறண்ட மாதங்களில்தான். நூறு கன்றுகளுக்கு வாரம் இரண்டு தடவை பத்து லீற்றர் வீதம் ஊற்றினாலும் வாரத்துக்கு இரண்டாயிரம் லீற்றர் தண்ணீர் வேண்டும். கிணற்றடியில் நட்ட கன்றுக்கு அது ஒரு பொருட்டல்ல. வீதியோரத்திலும் குளக்கட்டிலும் நட்டவற்றுக்கோ உழவு இயந்திரத்தில் தாங்கி கட்டிச் சென்றுதான் ஊற்றவேண்டும். அந்தச் செலவுக்கு நடுகை விழாவின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பெயர்ப்பலகைக்கு ஒதுக்கியவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

தண்ணீருக்கு முன்னரே கன்றைக் கொல்லும் பிழைகளும் உண்டு. படம் பிடிக்கும் அவசரத்தில் பொலித்தீன் பையை முழுவதுமாகக் கிழித்து நீக்காமல் குழியில் இறக்கிவிடுவார்கள். சில மாதங்களில் வாடிய கன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டு கிடக்கும். பனை மட்டையாலோ கம்பி வலையாலோ கூடு அடைக்காவிட்டால் கட்டாக்காலி மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தளிர் தப்பாது. உவர்த்தரையில் செம்மண் நிலத்துக்குரிய கன்றை நடுவதும் அடிக்கடி நிகழ்வதுதான். தீவுப்பகுதிக்கும் கரையோரத்துக்கும் பூவரசும் புங்கையும் வேம்பும் ஒத்துப்போகும் என்பது ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே; என்றாலும் இலவசமாகக் கிடைத்த கன்று எதுவோ அதுவே நடப்படுகிறது.

காலமும் இந்தத் தெரிவுக்கு எதிராகவே நிற்கிறது. 2024 இலும் 2025 இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. இரு ஆண்டுகளிலும் அந்தப் பரீட்சையே சீரற்ற காலநிலையால் இடைநடுவில் ஒத்திவைக்கப்பட்டது. மழை விட்டவுடன் டெங்குக் காய்ச்சல் தலைதூக்க, அதே இளைஞர்கள் சிரட்டையும் ரயரும் பொறுக்கும் சிரமதானத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். ஆகவே நூறு கன்று நடுவதை விட்டு, நீர் ஊற்ற ஒரு வீட்டார் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் பத்துக் கன்றுகளை நடுவதே மேல் என்பது என் கருத்து. அப்படிச் செய்யும்போது அது ஊர்விழாவாக அமையாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பனை விதை நடுகைக்கு இந்தத் தொல்லைகளில் பாதி இல்லை. ஆடி, ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பிள்ளைகளே பொறுக்கிவிடலாம். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருப்பதால் ஒரே காலையில் சாக்குக் கணக்கில் சேரும். முதல் மழைக்கு முன்னோ அதனோடு ஒட்டியோ நட்டுவிட்டால், முளை முதலில் ஆழமாகக் கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகி, நெடுநாள் கழித்தே ஓலையை வெளியே நீட்டும். தன் உணவைத் தானே நிலத்தடியில் வைத்துக்கொள்ளும் இந்தப் பயிருக்கு வைகாசியில் வாளியோடு எவரும் போகத் தேவையில்லை. இளம் ஓலையை மாடு கடித்தாலும் குருத்து மீண்டும் எழும்பும். போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்ட பனைகளை எண்ணும்போது, நம் மண்ணுக்கு இது கடன் திருப்பும் வேலையும் ஆகும்.

குறைகளும் உண்டு. வீதியோரத்தில் நட்ட கொட்டைகளைத் தை மாதத்தில் கிழங்குக்காகக் கிண்டி எடுத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். அவித்த பனங்கிழங்கின் சுவை தெரிந்தவர்கள் அவர்களைப் பெரிதாகக் குறைசொல்ல முடியாது. கோடையில் பற்றைக்கு வைக்கும் தீயும், வீதி அகலிக்க வரும் இயந்திரமும் அதைவிடப் பெரிய எதிரிகள். மின்கம்பிக்குக் கீழ் நடுவது பின்னாளில் வெட்டுவதற்கென்றே நடுவதற்குச் சமம். ஆணா பெண்ணா என்பதும் பூக்கும் வரை தெரியாது. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது செல்லும். பலனை இவ்வளவு தூரத்துக்குத் தள்ளிவைக்கும் ஒரு வேலை பிள்ளைகளின் மனத்தைத் தொடர்ந்து பிடித்துவைக்காது. ஒரு நாள் உற்சாகமாக நடுவார்கள். மறுநாள் நட்ட இடத்தில் பார்ப்பதற்கு எதுவும் இராது.

இங்குதான் பறவை நோக்கல் முந்துகிறது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இலங்கை இருப்பதால், புரட்டாதி, ஐப்பசி முதல் வடபுலத்துப் பறவைகள் நம் களப்புகளில் இறங்கத் தொடங்குகின்றன. ஆயினும் மழை கொட்டும் நாட்களில் களப்பு ஆழமாகிவிடுவதால், நடந்து இரைதேடும் பறவைகள் ஆழம் குறைந்த இடங்களைத் தேடி ஒதுங்கிவிடும். தையிலும் மாசியிலும் நீர் வற்றிச் சேறு தெரியும்போதே பூநாரை, கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, உள்ளான் வகைகள், ஊசிவால் வாத்து ஆகியவற்றை நிதானமாகப் பார்க்கலாம். மரநடுகையோடும் பனை விதையோடும் இது காலத்தால் மோதுவதில்லை. புதிய பாடசாலைத் தவணையின் தொடக்கம், பட்டம் ஏற்றும் காலமாதலால் பிள்ளைகள் எப்படியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மாதம்.

இடத்தைப் பொறுத்தவரை, எல்லோர் வாயிலும் முதலில் வருவது சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015 இல் தேசிய பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்ட அந்த இடத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வாகனம், அனுமதி, சாப்பாடு என்று ஒரு பயணத்துக்கே நிலையத்தின் ஆண்டுப் பணம் கரைந்துவிடும். ஒரு தடவை போய் வந்ததோடு பிள்ளைகளுக்கு அது சுற்றுலாவாக முடிந்துவிடும். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போகும் தெரு, பருத்தித்துறை வீதியில் வல்லை வெளி, சரசாலைக் குருவிக்காடு ஆகிய மூன்றும் சைக்கிளில் போகக்கூடியவை, செலவில்லாதவை, மீண்டும் மீண்டும் போகத்தக்கவை. ஒரே இடத்துக்கு இரு வாரத்துக்கு ஒரு முறை போய், அதே பத்து வகைகளை எண்ணிக் குறித்து வருவதில் கிடைக்கும் பழக்கம், பெரிய பயணம் ஒன்றில் நாற்பது பெயர்களைக் கேட்டு மறப்பதில் கிடைப்பதில்லை.

காலை ஆறரைக்குப் பண்ணைத் தெருவில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்றால், வெறுங்கண்ணுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிவது தொலைநோக்கியில் பூநாரைக் கூட்டமாக விரியும். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சி வடித்து உண்ணும் விதத்தை ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் தொடர்ந்து பார்த்துவிட்டால், பிறகு எந்தப் பாடமும் சொல்லத் தேவையில்லை. அருகில் கொண்டல்காற்றுக்கு எதிராக ஒற்றைக்காலில் நிற்கும் நெடுங்கால் உள்ளான் நம் ஊரிலேயே ஆண்டு முழுதும் வாழ்வது என்றும், ஊசிவால் வாத்து சைபீரியா வரையான நிலங்களில் முட்டையிட்டுவிட்டு வந்தது என்றும் அங்கேயே காட்டலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடைபெறுகிறது. நம் பிள்ளைகளின் குறிப்பேடும் அதே மாதத்தில் அமைவது ஒரு வசதி. சுற்றாடல் முன்னோடி மாணவர்களுக்குச் செயற்றிட்டம் காட்டவும் இந்தக் குறிப்பேடு உதவும். ஒரு பறவையும் நட்டது போல நிலைத்து நிற்காது என்பதால் ஊருக்கு என்ன மிஞ்சியது என்று கேட்பவருக்குக் காட்ட எதுவும் இல்லை என்பதே இதன் உண்மையான பலவீனம். பணம் அனுப்பியவருக்கு அது உறுத்தும்.

கடற்கரைத் துப்புரவையும் ஓகஸ்ட் விடுமுறை முகாமையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சர்வதேச கடற்கரைத் துப்புரவு நாள் செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை வருகிறது. நம் வடகரையில் வாடைக்காற்று பிளாஸ்ரிக் போத்தல்களையும் அறுந்த வலைகளையும் ஒதுக்குவது அதற்குப் பின்னர்தான் என்பதால், மாசியில் கூட்டுவதே பொருத்தம். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடக்கும்போது முகாமுக்கு ஆள் சேர்க்க முயல்வது வீண்முயற்சி. அந்த மாதத்தில் பனங்கொட்டை சேர்த்தால் போதும்.

ஆகவே ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால், அதைப் பறவை நோக்கலுக்கு ஒதுக்குங்கள். பனை விதைக்குப் பணமே தேவையில்லை, புரட்டாதியில் ஒரு ஞாயிறு போதும். காணி உறுதியாகக் கையில் உள்ள கோயில்களும் பாடசாலைகளும் மட்டும் கார்த்திகைக் கன்றுகளைப் பொறுப்பேற்கட்டும். வாங்கும் தொலைநோக்கி எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் வில்லையும் உடையதாக இருத்தல் நல்லது. அதைவிடப் பெருக்கம் கூடினால் பிள்ளைகளின் கை நடுக்கத்தில் காட்சி நிலைக்காது. விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தரமான மூன்று பயன் தரும், ஏனெனில் வரிசையில் காத்து நிற்கும் பிள்ளை தன் முறை வருமுன் பறவையை விட்டுப் பட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். மார்கழி ஈரத்தில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், அவற்றை நிலையத்து இரும்பு அலுமாரியில் அப்படியே வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளோடு மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, திறப்பை ஆசிரியரிடமும் இளைஞர் ஒருவரிடமுமாக இருவரிடம் கொடுத்து வைக்கவேண்டும்.