கிளிநொச்சியில் ஒரு மறதிநோய்க் கிளினிக்: அம்மாவுடன் மூன்று முறை சென்றுவந்த பின்

எங்கள் பக்கத்தில் வயதானவர் ஒருவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினால் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுவோம். 74 வயதான என் அம்மாவைப் பற்றியும் இரண்டு வருடங்களாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பரந்தன் சந்தியில் வழி தெரியாமல் நின்றவரை ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகுதான், கிளிநொச்சியில் தனியார் இடமொன்றுக்கு மாதம் ஒருமுறை வரும் நரம்பியல் வைத்திய நிபுணரிடம் அவரைக் கூட்டிச் சென்றேன்.

முதல் நாள் எங்களுக்காக அவர் முக்கால் மணித்தியாலம் செலவிட்டார். தைரொய்ட் குறைபாடும் விற்றமின் பி12 குறைபாடும் மறதியைத் தரலாம், அவை மருந்தால் சரிசெய்யக்கூடியவை என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு அம்மாவை மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்டார். "இப்ப எந்த ஊரில இருக்கிறீங்கள் அம்மா?" என்றதற்கு அம்மா, "புதுக்குடியிருப்பு, பிள்ளை" என்றார். அந்த ஊரை விட்டு நாங்கள் 2009 இல் வெளியேறியவர்கள். வைத்தியர் உடனே பிழை என்று குறிக்காமல் பேனையை வைத்துவிட்டு, எத்தனை முறை இடம்பெயர்ந்தோம், அம்மா எந்த வீட்டை "வீடு" என்று சொல்வார் என்று என்னிடம் விசாரித்தார். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் புதிய நினைவுகளைப் பதியும் மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுவதால் பழையவை நெடுநாள் நிற்கும் என்று அவர் விளக்கியபோது, அம்மா ஏன் இன்னமும் அந்த முற்றத்து மாமரத்தையே கேட்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

இரண்டாம் முறை, இந்நோய்க்குக் காரணம் என்னவென்று கேட்டேன். புரதம் என்பது நீண்ட சங்கிலி, அது சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும், பிழையாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும் என்று தாளில் வரைந்து காட்டினார். அப்போதுதான் ஸ்டான்லி புரூசினர் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார். 1972 இல் சன் பிரான்சிஸ்கோவில் நரம்பியல் பயிற்சியில் இருந்த அவர், குரொய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற அரிய மூளை நோயால் நினைவு குலைந்த பெண் ஒருவரைப் பராமரித்தார்; அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்நோயின் காரணத்தைத் தேடிப் பத்து வருடம் எலியினப் பிராணிகளில் ஆராய்ந்து, மரபணுப் பொருளே இல்லாத ஒரு புரதம்தான் இவ்வகை நோயைப் பரப்புகிறது என்று 1982 இல் எழுதி, அதற்குப் பிரியோன் என்று பெயரிட்டார்; அது தன் பக்கத்துப் புரதங்களையும் பிழையாக மடியவைத்துப் பரவுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. பலர் நம்ப மறுத்தார்கள். 1997 இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியர் சொன்ன உவமை எருமைத் தயிர்: ஒரு கரண்டி உறை சட்டி முழுவதையும் மாற்றுகிறதல்லவா? உறையில் உயிருள்ள கிருமி உண்டு, பிரியோனில் உயிர் கிடையாது என்ற வேறுபாட்டையும் அவரே சொன்னார்.

பிள்ளைகள் அம்மாவோடு ஒரே கோப்பையில் சாப்பிடலாமா என்ற பயம் எனக்கு இருந்தது. அல்சைமரிலும் அமிலோயிட், டவு என்ற புரதங்கள் இவ்வாறு படிகின்றன என்றாலும், தொடுவதாலோ சேர்ந்து உண்பதாலோ அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்று தெளிவாகச் சொன்னார். அன்று மாலையே பேரன் அம்மம்மாவின் மடியில் இருந்து சாப்பிட்டான்.

டொனெபெசில் குளிசை தொடங்கினார். அது அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கலாம், நோயை நிறுத்தாது என்பதை மறைக்கவில்லை. 2023 இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்தைப் பற்றியும் கேட்டேன். ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் எம்ஆர்ஐ ஸ்கான் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும் என்றார். வீண் நம்பிக்கை விற்காத இந்த நேர்மைக்காகவே இந்த இடத்தைப் பரிந்துரைக்கிறேன்.

குறைகளும் உண்டு. இலக்கம் கொடுத்தும் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். சத்தமான அந்தச் சிறிய அறையில் அம்மா பதறிப்போனார். ஸ்கானுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. மூன்றாம் முறை பத்து நிமிடம்தான் கிடைத்தது. பராமரிப்பவர்களோடு பேச ஒருவரும் இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கேட்டபோது வைத்தியர் குளிசை நேரங்களைப் பின்பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தார். போகிறவர்கள் பழைய கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோங்கள். முடிந்தால் நோயாளியை உங்கள் முறை வரும்வரை வெளியே மரநிழலில் இருத்துங்கள்.