எந்தக் கடனை முதலில் அடைப்பது?

சம்பளம் வந்த வாரமே பாதி கரைந்துவிடுகிறது. கடனோ நான்கு இடத்தில். மிஞ்சுகிற கொஞ்சத்தை எதில் போடுவது? வாடகையையும் மின்கட்டணத்தையும் இந்தக் கேள்விக்குள் கொண்டுவரவே கூடாது. கடன் கொடுத்தவர் எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும், குடியிருக்கிற வீடும் எரிகிற விளக்கும் அவருக்கு முன்னால்.

அதன்பின் இரண்டு வழிகள். வட்டி அதிகமான கடனை முதலில் தீர்ப்பது ஒன்று, தொகை சிறிய கடனை முதலில் தீர்ப்பது இன்னொன்று. எதில் இறங்கினாலும் மற்றக் கடன்களுக்குக் குறைந்தபட்சத் தொகை தவறாமல் போக வேண்டும்.

கணக்குப் பார்த்தால் முதல் வழிதான் லாபம். மாதம் 3 சதவீத வட்டி சிறிதாகத் தெரியும். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி 24 மாதங்களில் கடன் இரட்டிப்பாகிவிடும். நிலுவையில் 5 சதவீதத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தாலும் அதில் 3 பங்கு வட்டிக்கே போகிறது, அசலுக்கு 2 பங்குதான்.

ஆனாலும் நான் இரண்டாவது வழியில்தான் தொடங்கினேன். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசி வரியில், மூன்று தவணை பாக்கியிருந்த ஒரு சின்னக் கடன். இரண்டே மாதங்களில் அதை முடித்தோம். மனைவி ஸ்கேலை வைத்து அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தார். மூன்றாம் மாதம் அந்தத் தவணைப் பணம் கையில் நின்றது. அப்படியே அதிக வட்டிக் கடனில் போட்டோம். கையிறுக்கத்தில் வட்டி மிச்சத்தைவிட இப்படி விடுபடும் தவணைதான் மூச்சுவிட வைக்கும். மூன்று மாதத்துக்குள் முடிகிற கடன் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். இல்லையென்றால் தயங்காமல் அதிக வட்டியின் பக்கம் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றுவதும் ஒரு வழி. இதில் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 24 சதவீத ஆண்டு வட்டிக் கடனை மாதத் தவணையில் ஓராண்டில் அடைத்தால், வட்டியாகப் போவது அசலில் சுமார் 13 சதவீதம். அதையே 14 சதவீதத்துக்கு மாற்றி 4 ஆண்டுகளுக்கு நீட்டினால் சுமார் 31 சதவீதம். தவணை குறையும், சுமை கூடும். மாதாமாதம் தவணையே கட்ட முடியாதவருக்கு இது தேவைப்படலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இந்த மாதம் எதுவுமே கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணைத் தேதி தாண்டுமுன் நீங்களே பேசிவிடுங்கள். கெடு கேளுங்கள், எவ்வளவு எப்போது தர முடியும் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.