முதல் பயிற்சிக்குப் பைத்தானா, ஜாவாஸ்கிரிப்டா?

நிரல் எழுதக் கற்றபோது, மாறிகளின் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்கள்) வகைகளையும் சரங்களையும் (எழுத்துகளின் தொடர்) பழக நான் முதலில் எடுத்துக்கொண்ட நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்ட். இரண்டு மாதம் கழித்துப் பைத்தானுக்கு வந்து, அதே பயிற்சிகளை மறுபடி தொடக்கத்திலிருந்து செய்தேன். இன்று யார் கேட்டாலும் பைத்தானைத்தான் சொல்வேன்.

உடனே தொடங்குவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வசதியானது. பிரவுசர் இருந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். மாறியின் வகையை முன்கூட்டியே அறிவிக்கும்படி இரண்டுமே கேட்பதில்லை. எழுதுவதும் இரண்டிலும் கடினமில்லை.

என் முடிவை மாற்றியது வேறு ஒன்று: நாம் வகையைக் குழப்பினால் மொழி என்ன செய்கிறது?

ஒரு சிறிய நிரல் எழுதினேன். மொத்தத்தை 0 என்று வைத்து, தட்டச்சு செய்யும் மதிப்பெண்களை அதனுடன் கூட்டி, சராசரி காண வேண்டும். கொடுத்தவை 40, 50. வந்த விடை 2025! தட்டச்சு செய்வது எதுவானாலும் நிரலுக்குள் சரமாகவே வருகிறது. அதனால் 0 உடன் "40" ஒட்டி "040" ஆனது, பிறகு "04050" ஆனது. வகுக்கும் இடத்தில் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் அந்தச் சரத்தைத் தானே எண்ணாக்கி, 4050-ஐ 2 ஆல் வகுத்துக் கொடுத்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒரு மாலை முழுவதும் வகுக்கும் வரியையே துருவிக்கொண்டிருந்தேன். தவறு இருந்ததோ கூட்டும் வரியில்.

அதே நிரல் பைத்தானில் முதல் கூட்டலிலேயே நின்றுவிடுகிறது. முழு எண்ணையும் சரத்தையும் கூட்ட முடியாது என்று வரி எண்ணோடு சொல்கிறது. மாற்ற வேண்டிய இடம் உடனே தெரிகிறது; வகை என்றால் என்ன என்பது அப்போதுதான் மனத்தில் பதிகிறது.

சரத்தின் முதல் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்த்தபோதும் இதே கதை. இரண்டு மொழிகளிலும் சரத்தை இருந்த இடத்திலேயே திருத்த முடியாது. பைத்தான் அதைப் பிழையாகச் சொன்னது. ஜாவாஸ்கிரிப்ட், கண்டிப்பு முறையை (strict mode, தவறுகளைக் கடுமையாகப் பார்க்கும் அமைப்பு) இயக்காதவரை, ஒன்றும் சொல்லாமல் பழைய சரத்தையே வைத்திருந்தது. மாறிவிட்டது என்று நம்பி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

முழு எண், தசம எண் என்ற பிரிவும் பைத்தானில்தான் தெளிவு. 7-ஐ 2 ஆல் வகுத்தால் 3.5, இரட்டைச் சாய்கோடு இட்டால் 3. ஜாவாஸ்கிரிப்டில் அன்றாடம் புழங்கும் எண் வகை ஒன்றுதான்.

சி மொழியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் என் பழக்கம் சில வாரங்கள்தான், ஆகவே அழுத்திச் சொல்ல மாட்டேன். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 5. இகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படுகின்றன. சி-யில் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) அதுவே 15, ஏனென்றால் அங்கே எண்ணப்படுவது பைட், அதாவது நினைவகத்தின் சிறு அலகு. நினைவகத்தை அறிய நல்ல வழி, ஆனால் முதல் வாரத்துக்குச் சுமை அதிகம்.

பைத்தானும் எல்லாத் தவறையும் பிடிக்காது. தொடக்க மதிப்பு 0 இல்லாமல் தட்டச்சு செய்த இரண்டையும் நேரடியாகக் கூட்டினால் அங்கும் "4050" தான் வரும், சத்தமே இல்லாமல். அதனால் உள்ளீடு வாங்கும் ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த மாறியின் வகையை அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்றும் மேலே எழுதுகிறேன்.