1971 புல்டாக்கோ ஷெர்பா டி: எஞ்சின் தங்கம், டேங்க் தலைவலி

என் ஷெர்பா, ஸ்பெயினின் புல்டாக்கோ செய்த ட்ரையல்ஸ் மோட்டார் சைக்கிள், அதன் டேங்க் மறுபடியும் கழன்று மேசைமேல் கிடக்கிறது. உள்ளே பூசியிருந்த லைனிங் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வருகிறது. இந்தக் கோபத்தோடு டேங்க்கில் ஆரம்பித்தால் வண்டிக்கு அநியாயம் செய்துவிடுவேன். அதனால் எஞ்சினை முதலில் சொல்லிவிடுகிறேன்.

244 சிசி, ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், ஐந்து கியர். குதிரைத்திறன் பார்த்து வாங்குகிற வண்டி இல்லை இது. ட்ரையல்ஸ் என்கிற போட்டியில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறை, ஓடை, சேறு என்று குறித்துவைத்த செக்‌ஷனைக் கால் ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம். ஒரு முறை ஊன்றினால் ஒன்று, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, வண்டி நின்றே போனால் ஐந்து. குறைவான புள்ளி வாங்கியவர் ஜெயிப்பார். நான் இருக்கிற, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு பள்ளத்தாக்கில் கிழவர்களும் பையன்களும் சேர்ந்து இதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு செக்‌ஷனில், முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே, ஈரப்பாறை மேல் ஷெர்பாவை ஏற்றிப் பார்க்க வேண்டும். இதோ அணைந்துவிடும் என்று நாம் நினைக்கிற இடத்தில் எஞ்சின் அணையாது. இன்னொரு முறை வெடிக்கும். சற்றுப் பொறுத்து மறுபடியும் வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் பின் டயரைக் கொஞ்சம் முன்னே தள்ளும், டயர் வழுக்காது. டூ-ஸ்ட்ரோக் என்றால் ஆர்பிஎம் ஏறினால்தான் உயிர் வரும் என்று ஆர்எக்ஸ் 100-லும் ராஜ்தூத் 350-யிலும் பழகி வளர்ந்தவன் நான். கனமான ஃபிளைவீலும், கீழ் ஆர்பிஎம்முக்கென்றே சிலிண்டரில் வெட்டிய போர்ட்டுகளும் ஒரு டூ-ஸ்ட்ரோக்கை இந்த அளவுக்கு நிதானமாக்கும் என்பதை இந்த வண்டியில்தான் தெரிந்துகொண்டேன். சில வருடமாகிவிட்டது, அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இந்த நிதானம்தான் ட்ரையல்ஸின் வரலாற்றையே திருப்பியது. அறுபதுகளின் பாதிவரை பிரிட்டனில் இந்த விளையாட்டு என்றால் பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக் சிங்கிள்கள்தான். நம்மூர் புல்லட்டின் மூத்த உறவினர்களும் அதில் உண்டு. ஜானி பிரிட்டன் ராயல் என்ஃபீல்டில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை 1952-லும் 1957-லும் ஜெயித்தார். பெல்ஃபாஸ்ட்காரர் சாமி மில்லர் 500 சிசி ஏரியல் என்ற பிரிட்டிஷ் வண்டியில் யாரும் நெருங்க முடியாத இடத்தில் இருந்தார். அவர் 1964 இறுதியில் ஏரியலை விட்டு ஸ்பெயினுக்குப் போய், புல்டாக்கோவோடு உட்கார்ந்து ஒரு 250 டூ-ஸ்ட்ரோக்கை உருவாக்கினார். மறு வருடமே அந்த ஸ்காட்டிஷ் போட்டியை ஷெர்பாவில் ஜெயித்தார். ஒரு வெளிநாட்டு வண்டி அதை ஜெயித்தது அதுவே முதல் முறை. ட்ரையல்ஸ் உலக சாம்பியன்ஷிப் 1975-ல் ஆரம்பித்தபோது மார்ட்டின் லாம்ப்கின், அடுத்த மூன்று வருடம் ஃபின்லாந்தின் யூர்யோ வெஸ்டரினென், 1979-ல் அமெரிக்கர் பெர்னி ஷ்ரைபர் என்று முதல் ஐந்து பட்டமும் ஷெர்பாவுக்கே போனது.

பராமரிப்பு விஷயத்திலும் பெரிய குறை சொல்ல மனம் வராது. கிளட்ச் அறைக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். இரண்டையும் அடிக்கடி மாற்றினால் போதும். பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கிற பாயின்ட் ஃபிளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், ஃபிளைவீலைக் கழற்றும் புல்லர் இல்லாமல் முழுதாகக் கை வைக்க முடியாது. சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து ஃபிளைவீலை நெம்புகிறவர்களிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். இக்னிஷன் டைமிங் வைக்க ஒரு டயல் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். கிக் இடது பக்கம், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குக் கியர் விஷயம் பழக்கமானதுதான். டிரம் பிரேக் சின்னது, ஓடையில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது. ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங் இரண்டையும் வருடம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பேர் கிடைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஆலை மூடிவிட்டது. ஆனாலும் பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கேபிள், கேஸ்கெட், சைலன்சர் வரை இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஊரில் நேற்று நிறுத்திய வண்டிக்கே ஒரு சைடு பேனல் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி டேங்க்.

என் வண்டியில் டேங்க்கும் சீட்டும் ஒரே ஃபைபர் கிளாஸ் உடல். ஹேண்டில்பாரின் கீழ் தொடங்கி சீட்டின் வால்வரை ஒரே கோடாக ஓடும். ட்ரையல்ஸ் வண்டிகளிலேயே எனக்குப் பிடித்த உருவம் அதுதான். எடை குறைக்க அன்றைக்கு அது அருமையான வழி, அன்றைய பெட்ரோல் அந்த ஃபைபரை ஒன்றும் செய்யவில்லை. செய்தவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் கோபம் முழுக்க எத்தனால் மேல்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோல் ஈ10 ஆனது, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ஃபைபர் டேங்க்குகளைப் பிடித்து நிறுத்தியிருப்பது பாலியெஸ்டர் ரெசின். எத்தனால் அந்த ரெசினுக்குள் ஊறி அதை இளக்கும். முதலில் வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும். பிறகு மூடியைச் சுற்றி ஒரு பிசுபிசுப்பு தெரியும். பெட்ரோல் டேப் பொருந்துகிற இடத்தில் கசிவு தொடங்கும். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. கரைந்த ரெசின் பெட்ரோலோடு கீழே இறங்கி கார்ப்ரேட்டரில் வார்னிஷ் மாதிரி படிவது தெரியாது. ஃப்ளோட் நீடில் ஒட்டும், ஜெட் அடைக்கும், திராட்டிலோடு ஏறி இறங்குகிற ஸ்லைடு சிக்கும். ஒரு பழைய கல்குவாரி செக்‌ஷனில், மேலே ஏறிய பிறகு திராட்டிலை மூடினேன், எஞ்சின் இறங்கவில்லை. எதிரே புள்ளி குறிக்கிற அப்சர்வர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் சரிவு. கில் பட்டன் வேலை செய்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை கார்ப்ரேட்டரைத் திறந்தபோது ஸ்லைடின் மேல் பழுப்பு நிறத்தில் கோந்து படிந்திருந்தது. அதற்குப் பிறகு இது எனக்கு வெறும் பராமரிப்பு விஷயமாக இல்லை.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு எத்தனாலில் இன்னொரு ஆபத்தும் உண்டு, இதை ஊரில் இருக்கிறவர்களும் கேட்க வேண்டும். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். நாம் கலந்த டூ-டி எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், அடியில் இருப்பதில் எண்ணெய் இருக்காது. எஞ்சின் முதலில் குடிப்பது அடியில் இருப்பதைத்தான். இந்தியாவில் இப்போது ஈ20. யெஸ்டியும் ஆர்எக்ஸும் வைத்து மாதக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைத்திருப்பவர்களுக்கு டேங்க் இரும்பு என்பதால் ரெசின் தொல்லை கிடையாது. துருவும், இந்த எண்ணெய் இல்லாத அடி நீரும் உண்டு. ஓட்டாத மாதங்களில் டேங்க்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்து வையுங்கள்.

சரி, இதற்கு வைத்தியம் என்ன? எல்லோரும் சொல்வது உள்ளே எப்பாக்ஸி லைனிங். விளம்பரத்தைப் பார்த்தால் ஒரே மத்தியானத்தில் முடிகிற வேலை. பழைய ஃபைபர் பல வருடப் பெட்ரோலைக் குடித்து ஊறியிருக்கிறது. காய்ந்துவிட்டது என்று நினைத்துப் பூசுவோம். உள்ளிருந்து பெட்ரோல் மெதுவாகக் கசிந்து பூச்சுக்குப் பின்னால் வந்து நிற்கும். போதாததற்கு முந்தைய சொந்தக்காரர் போட்ட வேறொரு பூச்சும் உள்ளே இருக்கும். அதில் ஒரு திட்டு மிஞ்சினாலும் புதியது பிடிக்காது. உள்ளே கைவிட முடியாது. போல்ட்டும் சரளையும் போட்டுக் குலுக்கித்தான் சுரண்ட வேண்டும். நான் இந்த வேலையை, இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். எத்தனாலுக்கு அசையாது என்று வாயால் உத்தரவாதம் கொடுத்தார், நல்ல விலையும் வாங்கினார். அந்த உத்தரவாதம்தான் இப்போது என் மேசைமேல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. நாள்கணக்கில் சூட்டில் வைத்துக் காய விடாமல் பூசியிருக்கிறார். உரிந்த துண்டின் பின்பக்கத்தை மோந்து பார்த்தாலே தெரிகிறது.

இரண்டாவது வழி, ஃபைபரின் அடியை வெட்டி உள்ளே ஓர் அலுமினிய டேங்க் பொருத்துவது. வெளியே பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே பெட்ரோல் ஃபைபரைத் தொடாது. கொள்ளளவு குறையும், ட்ரையல்ஸுக்கு அது பொருட்டல்ல. நிரந்தரத் தீர்வு இது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வருடத்துக்கு மேல் தப்பிப் பிழைத்த உடலில் ரம்பம் வைக்க எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது, எத்தனால் இல்லாத அல்கைலேட் பெட்ரோல். கேனில் வரும், பம்ப் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. வருடக்கணக்கில் கெடாது, வாடை குறைவு, பிளக் சுத்தமாக இருக்கும். ஒரு ஞாயிறுக்கு ட்ரையல்ஸ் வண்டி குடிப்பது கொஞ்சம்தான் என்பதால் விலையைத் தாங்கிக்கொள்ளலாம். நான் இப்போது அதற்குத்தான் போகப்போகிறேன், லைனிங் முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகு. சூப்பர் பெட்ரோலில் ஈ5 போதுமே என்பார்கள். ஐந்து சதவீதமும் இளக்கும், மெதுவாக இளக்கும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் கோவைத் தம்பி ஒருவரிடமிருந்து செய்தி. இங்கே வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆகிறது. "அண்ணா, ஒரு ஷெர்பா விலைக்கு வந்திருக்குதுங்க, போன வருசத்தைவிட நல்லா இறக்கிட்டாங்க, வாங்கலாங்களா?" படம் அனுப்பியிருக்கிறார். என்னுடையது போலவே ஒரே ஃபைபர் உடல், சிவப்பு, பளபளவென்று புதுப் பெயிண்ட்.

இவ்வளவு நேரம் அந்த எஞ்சினைப் புகழ்ந்தவன் சொல்கிறேன்: வாங்க வேண்டாம், தம்பி. முதல் வண்டியாக யமஹா டி.ஒய். 175 பாருங்கள். மிக் ஆண்ட்ரூஸ் யமஹாவுக்குப் போய் வளர்த்தெடுத்த குடும்பம் அது. ஓஸ்ஸா என்ற இன்னொரு ஸ்பெயின் வண்டியில் ஸ்காட்டிஷை மூன்று முறை ஜெயித்தவர், 1974-லும் 1975-லும் யமஹாவில் ஜெயித்தார். இரும்பு டேங்க், மிகுனி கார்ப்ரேட்டர், ரீட் வால்வ். ஆர்எக்ஸை இறக்கி ஏற்றிய உங்கள் கைக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. காலையில் இரண்டாவது கிக்கில் பிடிக்கும், நனைந்தாலும் ஓடும், ஞாயிறு முழுக்க ஓட்டிவிட்டுக் கழுவி நிறுத்தலாம். ஷெர்பா அந்த ஈரப்பாறையில் ஏறுகிற மாதிரி அது ஏறாது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் திங்கள்கிழமை சாயங்காலங்களை ஒரு டேங்க்குக்குக் கொடுக்க வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்க மாட்டீர்கள், அந்தப் படத்தை அனுப்பிய விதத்திலேயே தெரிகிறது. போனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லாதீர்கள், அது எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். லைனிங் போட்டிருந்தால் எப்போது போட்டது, அதற்கு முன் டேங்க் எத்தனை நாள் காய்ந்தது என்று கேளுங்கள். பெட்ரோல் டேப்பைச் சுற்றித் துணியால் துடைத்து மோந்து பாருங்கள். புதுப் பெயிண்ட்டுக்கு அடியில் சிறு கொப்புளம் இருந்தால் உள்ளங்கையால் தடவினாலே தெரியும். கடைசியாக மூடியின் உள்விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். இறங்காவிட்டால் முன்பணம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள், டிரெய்லரோடு வருகிறேன்.