திருவிருந்துக்குப் பெட்டி மட்ஸா: எதை வாங்கலாம், எதை விடலாம்

டொரன்டோவிலோ லண்டனிலோ பஸ்கா காலம் நெருங்கினால் சூப்பர் மார்க்கெட்டின் கோஷர் (யூத உணவு விதிப்படியான) பகுதியில் மட்ஸா பெட்டிகள் அடுக்கியிருக்கும். மட்ஸா என்பது யூதர்கள் பஸ்காவில் உண்ணும் புளிப்பில்லா அப்பம். பெரிய வியாழன் இராப்போஜன ஆராதனைக்கு அதை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம், ஆனால் பெட்டியின் பக்கவாட்டைப் படித்துவிட்டு.

கோதுமை மாவு, தண்ணீர். சேர்மானம் இந்த இரண்டோடு முடிய வேண்டும். முட்டையும் பழச்சாறும் சேர்த்த வகை பல்லுக்கு மெத்தென்று, லேசாக இனிக்கும், அதை விட்டுவிடுங்கள். பஸ்கா இரவில் மட்ஸா உண்ணும் கடமைக்கு யூதர்களே அதை ஏற்பதில்லை. உபாகமம் 16:3 புளிப்பில்லா அப்பத்தைச் ‘சிறுமையின் அப்பம்’ என்கிறது. முட்டை சேர்ந்தால் சிறுமை எங்கே? வெங்காயம், பூண்டு போட்டவை நொறுக்குத்தீனிக்கு மட்டும்.

‘பஸ்காவுக்கு உகந்தது’ என்ற முத்திரையும் இருக்கட்டும். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டாக வேண்டும் என்ற விதிப்படி செய்தது என்று அதற்குப் பொருள். எகிப்தில் தரிக்க நேரமில்லாமல் மாவு புளிக்குமுன்பே கிளம்பிய யாத்திராகமம் 12-இன் அவசரம் இன்றும் கடிகாரம் வைத்துக் காக்கப்படுகிறது. பவுல் 1 கொரிந்தியர் 5-இல் ‘பழைய புளித்தமாவைப் புறம்பே கழித்துப்போடுங்கள்’ என்பதும் இந்தப் பின்னணியில்தான். கொஞ்சம் விட்டுவைத்தாலும் பிசைந்த மாவு முழுவதும் புளித்துவிடும். சபைக்குள் பொறுத்துக்கொள்ளும் பாவமும் அப்படித்தான்.

மட்ஸாவின் துளைகள் ஆணித்தழும்பு, கருகிய கோடுகள் கசையடி என்று ஏசாயா 53-ஐ இணைத்துப் பிரசங்கிப்பது பிரபலம். சிறுவர்களுக்குச் சொல்ல நல்ல உவமை, அதற்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம். சுடும்போது உப்பிவிடாமலிருக்கவே துளை போடுகிறார்கள். சதுர வடிவமும் நேர்வரிசைத் துளையும் 19ஆம் நூற்றாண்டு இயந்திரத்தின் வரவு. ஆண்டவர் கையில் பிட்ட அப்பம் பெரும்பாலும் இதைவிட மிருதுவாகவே இருந்திருக்கும்.

இனி மேசைக்கு. ஒரு தகடு ஏறத்தாழ 18 செ.மீ. சதுரம், 30 கிராம். 2.5 செ.மீ. துண்டாக்கினால் கணக்குப்படி 49. துளை வரிசையோடு போனால் நேராக உடையும், குறுக்கே போனால் சிதறும், ஆகவே 40 என்றே வையுங்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் நொறுக்கி வைக்காமல், ஒரு தகட்டையாவது முழுதாக வைத்து, ஆராதனையில் அப்பம் பிட்கும் கட்டத்தில் சபையார் முன் உடையுங்கள். ‘படக்’ என்ற அந்தச் சத்தம் திருவிருந்தில் வழக்கமாகத் தரும் மெல்லிய வேஃபரில் கிடைக்காது. கீழே வெள்ளைத் துணி விரியுங்கள், தூள் நிறைய விழும். காற்றுப்பட்டு நமுத்துப்போனால் 150 டிகிரி செல்சியஸ் அவனில் ஐந்து நிமிடம் போதும்.

கத்தோலிக்கத் திருப்பலிக்கு இது சரிவராது: திருச்சபைச் சட்டம் 924 அப்பம் தூய கோதுமையால் அண்மையில் செய்ததாக இருக்கக் கேட்கிறது, பெட்டியோ மாதக்கணக்கில் பழையது. அந்தப் பீடத்துக்கு வழக்கமான ஓஸ்தி அப்பம்தான். ஓட்ஸ் மட்ஸாவும் கோதுமை அல்ல என்பதால் அங்கே செல்லாது. மற்ற சபைகளில் குளூட்டன் (கோதுமையிலுள்ள புரதம்) ஒவ்வாதவர்களுக்கு, ‘குளூட்டன் இல்லாதது’ என்று குறித்த ஓட்ஸ் மட்ஸாவைத் தனித் தட்டில் வைக்கலாம், ஒரே தட்டில் கலந்தால் பயனில்லை.

பெட்டி கிடைக்காத ஊரில் சப்பாத்தி போதாதா என்பார்கள். போதும், ஆனால் மாவை அரைமணி ஊறவைக்கும் பழக்கத்தை விட வேண்டும். 18 நிமிடக் கணக்கு அங்கேதான் தவறுகிறது. ஒரு கப் கோதுமை மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு கப் தண்ணீர் விட்டுப் பாருங்கள், மாவு கெட்டியாக இருக்க வேண்டும். உப்பு, எண்ணெய் வேண்டாம். உடனே மெல்லியதாகத் தேய்த்து, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் இருபுறமும் போடுங்கள். துளை குறைந்தால் பூரி மாதிரி எழும்பும். எழும்பினால் புளித்தது என்று பயப்பட வேண்டாம், அது உள்ளே அடைபட்ட நீராவி.