யூரோராக் பெட்டிக்கு சில்வர் ஓக்கா, ப்ளைவுட்டா? சேலத்திலும் ஏற்காட்டிலும் புழங்கிய அனுபவம்

தனித்தனி மின்னணு மாட்யூல்களை ஒரே பெட்டியில் திருகிச் சேர்க்கும் இசைக்கருவிதான் மாடுலர் சிந்தசைசர்; யூரோராக் என்பது அதன் ஓர் அளவு முறை. இதைச் சேர்ப்பவர்கள் மாட்யூலுக்கு யோசிக்கும் அளவு பெட்டிக்கு யோசிப்பதில்லை. 6U உயரம் (3U வரிசை இரண்டு), 84HP அகலம் என்ற அளவில் செய்த இரண்டு பெட்டிகள் சேலத்திலும் ஏற்காட்டிலும் மாறி மாறிப் புழங்கியிருக்கின்றன. ஒன்று முழுக்க சில்வர் ஓக். இன்னொன்றில் பக்கப் பலகைகள் 18 மிமீ ப்ளைவுட், மேலும் கீழும் சில்வர் ஓக். மாட்யூல்களைத் திருகும் உலோக ரெயிலைத் தாங்கும் பக்கத்துக்கு ப்ளைவுட்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாட்யூலின் முன்தகடான 3U பேனலின் உயரம் 128.5 மிமீ. மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் நடுவே 122.5 மிமீ. பேனல் துளை நீள்வட்டமாக இருந்தாலும் பக்கவாட்டில்தான் விட்டுக்கொடுக்கும், மேல்கீழாகக் கொடுக்காது. மரம் இழையோட்டத்தின் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில், மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் 1 சதவீதம் ஏறினால் கால் சதவீதம் வரை உப்பும். சித்திரை வெயிலில் சேலத்தில் காய்ந்த பலகை, ஐப்பசி மூட்டத்தில் மலைமேல் 5 சதவீதம் ஈரம் இழுத்தால் அந்த 122.5 மிமீ ஒன்றரை மிமீ கூடிவிடும். முழு சில்வர் ஓக் பெட்டியில் பக்கப் பலகையின் இழை முன்பின்னாக ஓடுவதால் நடப்பது இதுதான்: மேல்த் திருகு இறங்கும், கீழ்த் திருகு சாய்வாக ஏறி M3 மரையைக் கடித்துவிடும். இழையை மேல்கீழாக வைத்தால் இடைவெளி நிற்கும், ஆனால் அகலப் பலகை வளையும்.

ப்ளைவுட்டில் அடுக்குகளின் இழை குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இந்தத் தொந்தரவு மிகக் குறைவு. வாங்கும்போது ஐஎஸ் 710 (மரைன் ப்ளைவுட்) முத்திரை பார்த்து வாங்குங்கள். மேல்பலகை, கீழ்ப்பலகைக்கு சில்வர் ஓக் அருமையான மரம். இழையை அகலவாக்கில் வைத்தால் உப்பல் எல்லாம் ஆழத்தில் போய்விடும், ரெயிலுக்குத் தொந்தரவில்லை. முன்பக்கத் திருகுக்கு வட்டத் துளை, பின்பக்கத்துக்கு நீள் துளை. ஃபெவிகால் போட்டு முழுக்க ஒட்டினால் பலகை வெடிக்கும்.

ஆசாரிகள் அங்குலத்திலும் நூலிலும் அளப்பார்கள். ஒரு நூல் என்பது 3 மிமீக்கு மேல், இங்கே அரை மிமீ தவறினாலே பேனல் உட்காராது. அதனால் மிமீயில் முழு அளவு வரைபடம் கொடுங்கள். 84HP என்பது 426.72 மிமீ, ரெயிலை 427க்கு வெட்டலாம். நடுவில் வரும் இரண்டு ரெயில்களின் திருகு வரிகளுக்கு இடையே 10.85 மிமீ. ரெயில் முனையிலுள்ள போல்ட் துளையும் பேனல் திருகு வரியும் பல ரெயில்களில் ஒரே கோட்டில் வராது. வெர்னியரால் அளந்த பிறகே குறியிடுங்கள். இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்து கிளாம்ப் போட்டு ஒரே தடவையில் துளையுங்கள், M5 போல்ட்டுக்கு 5.5 மிமீ. மரைப்பட்டையை (பேனல் திருகு ஏறும் மரைத் துளைகள் கொண்ட பட்டை) ரெயிலுக்குள் நுழைத்த பிறகுதான் பக்கத்தை மூட வேண்டும். இரு முனையிலும் வெற்றுப் பேனலைத் திருகி வைத்துக்கொண்டு கடைசியில் போல்ட்டை இறுக்கினால் இடைவெளி தானாக அமையும்.

உள் ஆழம் 90 மிமீக்குக் குறையக் கூடாது. மாட்யூல்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பஸ்போர்டும் அதில் செருகும் ரிப்பன் கனெக்டரும் சேர்ந்து அதில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். ரிப்பனின் சிவப்புக் கோடு -12 வோல்ட் பக்கம். பஸ்போர்டில் அந்த ஓரத்தைப் பெயிண்டால் அடையாளமிட்டு வையுங்கள்.

பாலிஷ் வேலையைச் சேலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. மூட்டத்தில் அடித்த பிரெஞ்ச் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும். திருகுகள் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும். சாதா இரும்பு மரைப்பட்டை மலையில் துருப்பிடித்துத் திருகோடு ஒட்டிக்கொள்கிறது, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவினால் தாங்கும்.

சேலத்தின் பிரச்சினை வேறு, சூடு. பின்பலகையின் அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளை வேண்டும். சுருதி எழுப்பும் ஆசிலேட்டர் மாட்யூலைப் பவர் போர்டுக்கு நேர் மேலே பொருத்தினால் சுருதி நிற்காது. மொத்த மின் தேவைக்கு மேல் 30 சதவீதம் கூடுதலாக உள்ள சப்ளை போடுங்கள். அடாப்டர் வெளியே இருந்தால் 230 வோல்ட் பெட்டிக்குள் வராது. உள்ளேயே மெயின்ஸ் சப்ளை வைத்தால் ரெயில்களுக்குக் கண்டிப்பாக எர்த் கொடுக்க வேண்டும்.